முன்விளிம்பின் அடியில் சிவப்பு

ஜனவரி 12

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் ஆசியுடன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நலம். எனக்குக் காலைநேர வயிற்றெரிச்சல் குறைந்திருக்கிறது. மாப்பிள்ளையின் முழங்கால் படியேறும்போது வலிக்கிறதா, இறங்கும்போது வலிக்கிறதா என்பதைத் தனித்தனியாக எழுது. "வலிக்கிறது" என்று பொதுவாக எழுதினால் என்னால் எதையும் தீர்மானிக்க இயலவில்லை.

இனிக் காரியம். எங்கள் மிதிவண்டிக் கழகத்தின் ஆண்டுக் கூட்டம் ஏப்ரல் இருபதாம் தேதி நடைபெறும். மறுவாரம் நீண்ட ஓட்டம். அதற்குப் புதிய தொப்பிகள் வேண்டும். வழக்கம்போல் வெள்ளைப் பருத்தித் துணி, நடுவில் நீலப் பட்டை, பின்புறம் எலாஸ்டிக். உறுப்பினர் ஒவ்வொருவரின் தலைச்சுற்றளவையும் நானே நாடா வைத்து அளந்து இத்துடன் இணைத்திருக்கிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்பாய். தொலைபேசியில் சொன்ன ஆண்டில்தான் நீலப் பட்டைக்குப் பதில் பச்சைப் பட்டை வந்தது. அன்று முதல் எழுத்தில்தான் சொல்வது என்று முடிவு செய்திருக்கிறேன்.

அணித்தலைவருக்குரிய தொப்பியை இப்போது தைக்க வேண்டாம். முன்விளிம்பின் அடிப்பக்கம் சிவப்புத் துணி வைத்த தொப்பி கழகத்தில் ஒரு காலத்தில் ஒன்றுதான் இருக்கலாம். அது கூட்டத்தில் தலைவர் தேர்வானபின் தைக்கப்பட வேண்டியது. தேர்வு எப்படி முடியும் என்பது தெரிந்ததுதான். கழகம் தொடங்கிய நாளிலிருந்து அந்தத் தொப்பி என் தலையில்தான் இருக்கிறது. இருந்தாலும் முறை முறைதான்.

இம்முறை தொப்பி விதிகளையும் திருத்தி எழுதியிருக்கிறேன். ஒரு பிரதி அனுப்புகிறேன். படித்துப் பார்.

அன்புடன்,
அண்ணன்


ஜனவரி 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நாங்கள் எல்லோரும் சுகம். நீங்கள் கேட்டபடி இவரிடம் தனித்தனியாக விசாரித்தேன். ஏறும்போதும் வலிக்கிறதாம், இறங்கும்போதும் வலிக்கிறதாம். சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது மட்டும் வலிப்பதில்லையாம். "உங்க அண்ணன்கிட்ட அதையும் சேர்த்து எழுது, அப்புறம் விவரம் பத்தலைன்னு திருப்பி அனுப்பிடுவாரு" என்கிறார்.

துணி வாங்கிவிட்டேன். பட்டை நீலம்தான், இரண்டு தடவை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன். தையல் கடையில் இப்போது பள்ளிச் சீருடை வேலை நெருக்குகிறது. அது முடிந்ததும் தொப்பிகளை எடுக்கிறேன்.

விதிகளைப் படித்தேன். தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டால் மூன்று ஞாயிறு ஓட்டத்தில் சேர்க்கக் கூடாது என்பது கொஞ்சம் அதிகம் இல்லையா அண்ணா? உங்கள் அணியிலுள்ள பேக்கரிக்காரர் பாவம். கழுத்தில் வெயில் பட்டதால்தானே திருப்பினார்? அன்றைக்கு எல்லோருடைய முகமும் சுருங்கிவிட்டதாக அண்ணி எழுதியிருந்தார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் காபி வேண்டாம்.

உங்கள் தங்கை


பிப்ரவரி 9

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். மாப்பிள்ளைக்கு ஏறும்போதும் இறங்கும்போதும் வலி இருப்பதால் அது தேய்மானமாக இருக்கலாம். வைத்தியரைப் பார்க்கச் சொல். மாப்பிள்ளை சொன்னதாக நீ எழுதிய வாக்கியத்தை ரசித்தேன்.

பேக்கரிக்காரர் விஷயத்தில் உனக்கு முழு விவரம் போய்ச் சேரவில்லை. கழுத்தில் வெயில் படும்போது தொப்பியைத் திருப்பிப் போட எங்கள் விதியில் இடமிருக்கிறது. ஆனால் அணியின் முன்வரிசையில் ஓட்டுபவர் திருப்பக் கூடாது. பின்னால் வருபவர் அவர் திரும்பிப் பார்க்கிறார் என்று நினைத்து ஏமாறுவார். அவர் முன்வரிசையில் இருந்தார். மூன்று ஞாயிறு என்பது நான் கோபத்தில் சொன்ன எண்ணன்று. அது விதியில் இருக்கிறது.

அன்று அவர் என்ன சொன்னார் தெரியுமா? தேநீர்க் கடை வாசலில் எல்லோர் முன்னிலையிலும், "கேப்டன், உங்க சிவப்பைப் பார்த்து ரொம்ப நாளாச்சு. வெளுத்துப் போயிருந்தாக்கூட எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். அது சாயம் போகாத துணி, என் தங்கை தேர்ந்தெடுத்தது என்று விளக்கினேன். எல்லோரும் சிரித்தார்கள். துணியைப் பற்றிச் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

உனக்கு நினைவிருக்கும், பேசும்போது முன்விளிம்பைத் தூக்கிக் கண் தெரியும்படி பேச வேண்டும் என்பது நம் முதல் விதி. தூக்கினால்தான் அடியிலுள்ள சிவப்புத் தெரியும். விளிம்பைத் தாழ்த்தியிருப்பவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. அவர் சாலையைக் கவனிக்கிறார் என்று பொருள். அணியை நடத்துபவன் சாலையைக் கவனிக்காமல் வேறு எதைக் கவனிப்பது?

உன் அண்ணி உனக்குத் தனியாகக் கடிதம் எழுதுகிறாளா? நல்லதுதான். அஞ்சல் தலை வாங்கியதாக அவள் சொல்லவில்லை. அதனால் கேட்டேன். அவள் இப்போது ஓட்டத்தில் எப்போதும் கடைசியில்தான் வருகிறாள். பின்தங்கியவர்களைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்கிறாள். மருந்துக் கடையில் நாள் முழுதும் நோயாளிகளிடம் பேசிப் பேசி அந்தப் பழக்கம் போகவில்லை போலும்.

தொப்பிகள் எப்போது வரும்?

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். இங்கே சுகம். பதில் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். சீருடை வேலை இப்போதுதான் முடிந்தது. இவர் வைத்தியரைப் பார்த்தார். நீங்கள் சொன்னதையே அவரும் சொன்னார். இவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

தொப்பிகள் பாதி முடிந்துவிட்டன. அடுத்த வாரம் அனுப்புகிறேன்.

அண்ணா, ஒன்று கேட்கலாமா? நீங்கள் ஒரு வருடம் ஓய்வாக இருந்தால் என்ன? கழகத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. சும்மா நடுவில் ஓட்டிக்கொண்டு, யாரோடாவது பேசிக்கொண்டு, வழியில் ஏரி வந்தால் பார்த்துக்கொண்டு. நீங்கள் சிறுவயதில் என்னை முன் கம்பியில் உட்காரவைத்து ஓட்டுவீர்களே, அப்போது உங்கள் தலையில் தொப்பியே இருக்காது. யோசித்துப் பாருங்கள். கோபம் வேண்டாம்.

உங்கள் தங்கை


மார்ச் 15

அன்புத் தங்கைக்கு,

மனமார்ந்த ஆசிகள். வயிறு, தூக்கம், ரத்த அழுத்தம் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. அங்கேயும் அவ்வாறே என்று நம்புகிறேன்.

பெட்டி நேற்று வந்தது. தையல் நேர்த்தி, பட்டை நேர், நீலம் நீலம்தான். பெட்டியின் அடியில் தனியாகத் தாளில் சுற்றி நீ வைத்திருந்ததையும் எடுத்துப் பார்த்தேன். சிறிது நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

தேர்வுக்கு முன் தலைவர் தொப்பியைத் தைப்பது முறையன்று. வேண்டாம் என்று எழுதியும் இருந்தேன். நீ ஒருநாளும் நான் எழுதியதை மீறியவள் இல்லை. ஓய்வெடுக்கச் சொல்லி எழுதிய அதே கையால் இதையும் தைத்து அனுப்பியிருக்கிறாய் என்றால், நான் ஓய்வெடுக்க மாட்டேன் என்று உனக்கும் தெரிந்திருக்கிறது. அண்ணன் தங்கைக்குள் இதற்குமேல் எழுத வேண்டியதில்லை. கூட்டம் முடியும்வரை அதைத் தலையில் வைக்க மாட்டேன். அலமாரியில் வைத்திருக்கிறேன். சிவப்பு முன்பைவிட ஆழமான சிவப்பு. எங்கே பிடித்தாய் இந்தத் துணியை?

இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, அளவு. என் தலை ஐம்பத்தொன்பது சென்டிமீட்டர்; இத்தனை ஆண்டுகளில் அது மாறவில்லை. இது ஐம்பத்தைந்துக்குமேல் வராது. நாடாவைத் தளர்த்திப் பிடித்து அளப்பவர்கள் உண்டு; இவ்வளவு இறுக்கிப் பிடித்தவர் யார்? இரண்டு, பின்புறம் எலாஸ்டிக்குக்குமேல் கைப்பிடி அளவுக்கு ஒரு திறப்பு விட்டு, அதன் ஓரத்தை மடித்து அழகாகத் தைத்திருக்கிறாய். மற்ற தொப்பிகளில் அது இல்லை. காற்றோட்டத்துக்காக என்று ஊகிக்கிறேன். எழுது.

உன் அண்ணியிடம் காட்டினேன். "யாரு அனுப்பினா?" என்றாள். "வேற யாரு, என் தங்கச்சிதான்" என்றேன். "உங்களுக்கா?" என்றாள். "பின்ன பக்கத்து வீட்டுக்காரருக்கா?" என்றேன். அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நாங்கள் சுகம். நீங்களும் அண்ணியும் சுகமா?

உங்கள் கடிதம் வந்து பல நாள் ஆகிறது. எழுத உட்காரும்போதெல்லாம் கடையில் யாராவது வந்துவிடுகிறார்கள்.

அந்தத் தொப்பி உங்களுக்குத்தான் அண்ணா. அளவு தப்பிவிட்டது. கடைப் பெண் வெட்டியது, நான் கவனிக்கவில்லை. பின்னால் உள்ள திறப்பு நீங்கள் ஊகித்தபடி காற்றோட்டத்துக்குத்தான். வெயில் காலம் அல்லவா?

முடிந்தால் அதைத் திருப்பி அனுப்புங்கள், சரிசெய்து தருகிறேன். கூட்டத்துக்கு முன்னால் அனுப்பினால் நல்லது.

இவருக்கு முழங்காலில் பட்டை கட்டியிருக்கிறார்கள்.

உங்கள் தங்கை


ஏப்ரல் 8

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். மாப்பிள்ளையின் முழங்கால் பட்டையை இரவில் கழற்ற வேண்டுமா என்று வைத்தியரிடம் கேட்கச் சொல். பலர் கேட்பதில்லை.

தொப்பியைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. உனக்கு ஏன் அலைச்சல்? எலாஸ்டிக்கை நானே பிரித்து நீளமானதை வைத்துத் தைத்துவிட்டேன். பள்ளியில் தையல் வகுப்பில் ஆண்பிள்ளைகளையும் உட்காரவைத்தது வீண்போகவில்லை. பின்புறத் திறப்பைப் பற்றி யோசித்தேன். காற்றோட்டம் நல்ல காரணம்தான். ஆனால் தலைவரின் தொப்பி மற்றவர் தொப்பியிலிருந்து முன்விளிம்பின் அடியில் மட்டுமே வேறுபட வேண்டும் என்று விதி இருக்கிறது. எனக்கு மட்டும் காற்று, மற்றவர்களுக்குப் புழுக்கம் என்று இருக்கலாகாது.

எனவே உன் அண்ணியிடம் கொடுத்துத் திறப்பைத் தைத்து மூடச் சொன்னேன். தொப்பியைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதை நானா மூடணும்?" என்றாள். என் கை அவ்வளவு சுத்தமாக வராது என்றேன். ஜன்னலருகே உட்கார்ந்து தைத்துக் கொடுத்தாள். தையல் சற்று நீளநீளமாக, தளர்வாக இருந்ததைச் சுட்டிக்காட்டினேன். "தொப்பிதானே, தாங்கும்" என்றாள். கண்ணில் ஏதோ விழுந்ததாகச் சொல்லி முகம் கழுவப் போனாள். அந்த ஜன்னலுக்கு வலை அடிக்க வேண்டும்.

இருபதாம் தேதி கூட்டத்துக்கு நீயும் மாப்பிள்ளையும் வாருங்கள். தொப்பியைத் தைத்தவள் இருந்து பார்த்ததே இல்லை. முதல் வரிசையில் இரண்டு நாற்காலி ஒதுக்கியிருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். எங்களால் வர முடியாது போலிருக்கிறது. இவரால் அவ்வளவு தூரம் பேருந்தில் உட்கார முடியாது. நாற்காலிகளை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

அண்ணா, கூட்டத்துக்கு முன்னால் ஒருநாள் அண்ணியோடு உட்கார்ந்து பேசுங்கள். கழக விஷயமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சும்மா பேசுங்கள். அண்ணி பேச ஆரம்பித்தால் நடுவில் திருத்தாமல் கேளுங்கள்.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? அதை எழுதாமல் இருக்காதீர்கள்.

உங்கள் தங்கை


ஏப்ரல் 23

தங்கைக்கு,

உன் கடிதம் கூட்டத்துக்கு முந்தைய நாள்தான் வந்தது. அன்று நான் எடையளவு அலுவலகத்தில் தராசுகளைச் சோதிக்கும் வேலையில் பிந்திவிட்டேன். வீடு திரும்பியபோது உன் அண்ணி உறங்கிவிட்டிருந்தாள். எனவே பேசவில்லை. பேசியிருந்தாலும் என்ன நடந்திருக்கும் என்பது எனக்குத் தெரியாது. கூட்டத்தில் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். அவற்றில் எது உனக்குப் புதிய செய்தி, எது ஏற்கெனவே தெரிந்தது என்று நீ பிரித்துக்கொள்.

தொப்பியைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனேன். தலைவர் மேசைமேல் வைத்துத் திறந்தேன். கழகச் செயலாளரான வக்கீல் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீங்களே கொண்டு வந்துட்டீங்களா? பெரிய மனசு சார் உங்களுக்கு. நாங்கதான் வீணா பயந்துட்டோம்" என்றார். தொப்பியை முன்கூட்டியே கொண்டுவந்ததைச் சொல்கிறார் போலும், அதற்கு எதற்குப் பெரிய மனசு என்று நினைத்தேன். பேக்கரிக்காரர் தூரத்திலிருந்து எனக்குக் கும்பிடு போட்டார். அவர் என்னைக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. உன் அண்ணி பின்வரிசையில் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

தலைவர் தேர்வு என்று நானே அறிவித்தேன். முன்மொழிபவர் யார் என்று கேட்டேன். வக்கீல் எழுந்து உன் அண்ணியின் பெயரைச் சொன்னார்.

வேடிக்கையாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. வழிமொழிபவர் யார் என்று கேட்டேன். கேட்க வேண்டியது என் கடமை. எல்லாக் கைகளும் ஒன்றாகத் தூக்கப்பட்டன. ஒத்திகை பார்த்த கைகள். அவற்றை எண்ண வேண்டிய அவசியம் இருக்கவில்லை, ஆயினும் எண்ணினேன். வேறு பெயர் உண்டா என்று கேட்டேன். என் பெயரை யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். வேறு பெயர் இல்லை என்று நானே அறிவித்தேன். முன்மொழியப்பட்டவரின் சம்மதத்தைத் தலைமை வகிப்பவர் கேட்டுப் பெற வேண்டும் என்றும் நான்தான் எழுதிவைத்திருக்கிறேன். எனவே என் மனைவியைப் பார்த்து, சபை நடுவில், "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டேன். அவளை நான் நீங்கள் என்று அழைத்தது அதுவே முதல் தடவை.

"சம்மதம்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் யோசிக்காமல் சொன்னாள்.

அதுவரைகூடச் சமாளித்துவிட்டேன். ஒருவரை விலக்கி இன்னொருவரை வைக்கச் சபைக்கு உரிமை உண்டு. பழைய தலைவர் தன் கையால் புதிய தலைவரின் தலையில் தொப்பி வைக்க வேண்டும் என்பதும் விதி. வைத்தேன். அவள் அன்று கூந்தலைப் பின்னாமல் கொண்டை போட்டிருந்தாள். தொப்பி உட்காரவில்லை. நான் நீளமாக்கியிருந்த எலாஸ்டிக் தொளதொளவென்று இருந்தும், பின்பக்கம் கொண்டையில் முட்டி, முன்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. பேக்கரிக்காரர் குரல் கொடுத்தார்: "கொண்டைக்குப் பின்னால ஒரு ஓட்டை விட்டிருந்தா கச்சிதமா இருந்திருக்கும்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். உன் அண்ணி சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

ஐம்பத்தைந்து சென்டிமீட்டர். காற்றோட்டம். கடைப் பெண் வெட்டியது. உங்களுக்குத்தான் அண்ணா. அங்கேயே நின்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். தொப்பியை அவள் தலையிலிருந்து எடுத்தேன். வக்கீல் பயந்து, "சார், சார், வேணாம்" என்றார். நான் அதைக் கிழிக்கப்போகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். திறப்பைப் பிரிக்கத்தான் எடுத்தேன். டியூப் ஒட்டும் பையிலிருந்து பிளேடு கேட்டு வாங்கினேன். பிளேடு தேவைப்படவில்லை. நூலின் ஒரு முனையில் முடிச்சே இல்லை. இழுத்தேன். ஒரே இழுப்பில் முழுத் தையலும் கையோடு வந்துவிட்டது.

ஓட்டுத் தையல். பிரிப்பதற்கென்றே போடும் தையல். தையற்காரியின் அண்ணனுக்கு அது தெரியாமல் இருக்குமா? ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, நான் பார்த்துக்கொண்டிருக்க, அதைத்தான் அவள் தைத்துக் கொடுத்தாள். தளர்வாக இருக்கிறது என்றும் நானே சொன்னேன்.

மறுபடி வைத்தேன். கொண்டை திறப்பில் சரியாக அமர்ந்தது. கைதட்டினார்கள். அவள் முன்விளிம்பைத் தூக்கி என்னைப் பார்த்தாள். சிவப்பு நன்றாகத் தெரிந்தது. நல்ல துணி. அதை எங்கே பிடித்தாய் என்று நான் கேட்ட கேள்விக்கு நீ இன்னும் பதில் எழுதவில்லை. இப்போது எழுத வேண்டாம்.

அண்ணன்


மே 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டுங்கள். படித்துவிட்டுத் திட்டுங்கள்.

டிசம்பரிலேயே வக்கீலும் மற்றவர்களும் அண்ணியிடம் கேட்டுவிட்டார்கள். அண்ணி மாட்டேன் என்றுதான் சொன்னார்கள். பேக்கரிக்காரரை நீங்கள் நிறுத்திவைத்த ஞாயிற்றுக்கிழமை, கிளப்பை இரண்டாக உடைத்துத் தனியாகப் போவதாகப் பேச்சு வந்தது. அதற்கப்புறம்தான் சரி என்றார்கள். தொப்பி தைக்கச் சொல்லி எனக்கு எழுதியது அதற்கும் பிறகு. தொப்பியை மருந்துக் கடை முகவரிக்குத்தான் அனுப்பச் சொன்னார்கள். கடைப் பெண் 'கேப்டன் தொப்பி' என்ற சீட்டைப் பார்த்ததும் உங்கள் பெட்டியிலேயே வைத்துவிட்டாள். அவளுக்குத் தெரிந்த கேப்டன் நீங்கள் ஒருவர்தான்.

பெட்டி வந்ததாக நீங்கள் எழுதிய கடிதத்தைப் பார்த்த அன்று அண்ணிக்குப் போன் போட்டேன். "நீங்க சொல்லிடுங்க அண்ணி" என்றேன். "அவர் அதை எடுத்து அலமாரியில வச்சிருக்கிறதைப் பார்த்தா நீகூடச் சொல்ல மாட்டே. தினமும் ஒரு தடவை கதவைத் திறந்து பார்க்கிறாரு. நீ எழுது, உன் பேச்சைத்தான் கேட்பாரு" என்றார்கள். அண்ணி சொல்வார்கள் என்று நான் இருந்தேன், நான் சொல்வேன் என்று அண்ணி இருந்தார்கள். கடைசியில் நான் எழுதியது அந்தக் காற்றோட்டப் பொய்தான். நீங்களே ஒரு காரணத்தை எழுதிக் கொடுத்திருந்தீர்கள். அதை எடுத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

திருப்பி அனுப்புங்கள் என்று எழுதினேன். அப்போதாவது உங்களுக்குத் தோன்றாதா என்று பார்த்தேன்.

தொப்பியைப் பற்றிச் சொன்ன பொய்யை நினைத்துத்தான் என் மனசு ஆறவில்லை. கேப்டன் பதவிக்காக இல்லை.

அண்ணி எப்படி இருக்கிறார்கள்? நீங்கள் சாப்பிடுகிறீர்களா?

உங்கள் தங்கை


ஜூன் 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். பதில் இல்லை. அஞ்சலில் தவறியிருக்குமோ என்று முதல் வாரம் நினைத்தேன். உங்கள் கடிதங்கள் தவறியதே இல்லை என்பது அப்புறம் நினைவுக்கு வந்தது.

இவருக்கு முழங்கால் தேவலை. ஏறும்போது வலி இல்லை. இறங்கும்போது மட்டும் இருக்கிறது. தனித்தனியாகக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

போனில் கூப்பிட்டால் அண்ணிதான் எடுக்கிறார்கள். "இருக்காரு, பேப்பர் படிக்கிறாரு" என்கிறார்கள். பின்னால் தாள் புரளும் சத்தம் கேட்கிறது.

ஒரு வரி போதும் அண்ணா. கோபமாக இருந்தாலும் சரி.

தங்கை


ஜூலை 6

தங்கைக்கு,

உன் இரண்டு கடிதங்களும் உரிய நாட்களில் கிடைத்தன. மாப்பிள்ளைக்கு ஏறும்போது வலி நின்றது நல்ல அறிகுறி.

இங்கே வழக்கப்படி நடக்கிறது. வீட்டில் பேச்சு நின்றுவிடவில்லை. அப்படி யாரும் உனக்குச் சொல்லியிருந்தால் அது சரியன்று. தண்ணீர்த் தொட்டி நிறைந்ததா, சாவி எங்கே, வலை அடிக்க ஆள் வந்தாரா என்பவற்றைப் பேசுகிறோம். ஜன்னலுக்கு வலை அடித்தாயிற்று. பூச்சி எதுவும் உள்ளே வருவதில்லை. முன்பும் வந்ததாகத் தெரியவில்லை.

ஞாயிறு ஓட்டங்களுக்குப் போகிறேன். விலகினால் கோபித்துக்கொண்டேன் என்பார்கள். கடைசியில் ஓட்டுகிறேன். அணி கலகலப்பாக இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஏரிக்கரையில் நின்று தேநீர் குடிக்கிறார்கள். பேக்கரிக்காரர் முன்வரிசையில் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறார். இதுவரை யாரும் ஏமாந்து மோதவில்லை. உன் அண்ணி அவ்வப்போது வேகத்தைக் குறைத்துப் பின்னால் வந்து என்னுடன் சேர்ந்து ஓட்டுகிறாள். விளிம்பைத் தூக்கிக்கொண்டுதான் வருகிறாள். சென்ற வாரம், "ஏதாவது பேசுங்களேன்" என்றாள். என் முன்விளிம்பு தாழ்ந்திருந்தது. தாழ்ந்திருப்பவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாதென்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஏரிவரை என் பக்கத்திலேயே வந்தாள்.

நான் இப்போது அணிவது பழைய தலைவர் தொப்பி. அதன் அடியிலுள்ள சிவப்பை நானே பிரித்து எடுத்துவிட்டேன். கழகத்தில் ஒன்றுதான் இருக்கலாம். பிரித்த இடத்தில் துணி நைந்துவிட்டது. எனவே உறுப்பினர் தொப்பி ஒன்று தேவை. அளவு ஐம்பத்தொன்பது. அடியில் வெள்ளையே போதும். திறப்பு வேண்டாம். தையல் இறுக்கமாக இருக்கட்டும்.

முன்விளிம்பை மட்டும் வழக்கமான நீளத்தைவிட அரை விரல் கூட்டித் தை. விளிம்பின் நீளத்துக்கு விதியில் வரம்பு எதுவும் இல்லை. எடுத்துப் படித்துப் பார்த்துவிட்டேன்.

அண்ணன்